ஒன்றாம் வகுப்பில் தமிழ் வாசிப்பை எங்கிருந்து தொடங்குவது? நான்கு முறைகள், ஓர் ஒப்பீடு

ஜூன் மாதம் பள்ளி திறந்தால் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி இது: தமிழை எங்கிருந்து ஆரம்பிப்பது? அ, ஆ என்று வரிசையாகவா? ட, ப, ம என்று சுலபமான எழுத்துகளிலிருந்தா? படத்தோடு சேர்த்துச் சொற்களாகவா? கதையிலிருந்தா? பயிற்சிக்குப் போனால் ஒன்று சொல்கிறார்கள். பள்ளியில் மூத்த ஆசிரியர் வேறொன்று சொல்கிறார். பெற்றோர் வந்து, "எங்க காலத்துல அ, ஆ தானே சொல்லிக் குடுத்தாங்க" என்கிறார்கள். மாற்றி மாற்றிச் செய்து பார்த்துக் குழம்பிப்போகும் ஆசிரியர்கள் நிறையப் பேர்.

இந்த நான்கும் நம் வகுப்பறைகளில் நடப்பில் இருப்பவைதான். நான்கிலும் வாசிக்கக் கற்ற பிள்ளைகள் உண்டு. வீட்டில் அம்மாவோ அக்காவோ மாலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் எந்த முறையும் பலிக்கும். அப்படி யாரும் இல்லாத பிள்ளைக்குத்தான் பள்ளி தேர்ந்தெடுக்கும் முறை தலையெழுத்தாக மாறுகிறது. அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

முதல் அளவுகோல், எனக்கு மிக முக்கியமானது: இதுவரை பார்க்காத ஒரு சொல்லைப் பிள்ளை தானாகக் கூட்டி வாசிக்கிறதா, அதற்கு எத்தனை மாதம் ஆகிறது? பாடப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். வாசிப்பு வந்துவிட்டது என்று ஆசிரியரும் மகிழ்ந்துபோவார். அதே பக்கத்தில் நடுவில் இருக்கும் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் கண் பக்கத்தின் உச்சிக்கு ஓடும். உதடுகள் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து, அந்தச் சொல் வரும் இடத்தில் நிற்கும். அது மனப்பாடம். வாசிப்பு இன்னும் தொடங்கவில்லை.

இரண்டாவது, வீட்டு உதவி இல்லாமல் இந்த முறை எவ்வளவு தூரம் போகும். மூன்றாவது, வாசித்தது பிள்ளைக்குப் புரிகிறதா. நான்காவது, எழுத்துப் பழக்கமும் பிழையின்மையும். ஐந்தாவது, ஆசிரியருக்கு ஆகும் நேரமும் உழைப்பும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். 2 பேர் 5 வகுப்புகளைப் பார்க்க வேண்டிய பள்ளியில், நாள் முழுக்க ஒன்றாம் வகுப்போடு மட்டும் உட்கார்ந்தால்தான் நடக்கும் என்கிற முறை நடைமுறைக்கு உதவாது.

வேகத்தை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுண் பாரத், இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொற்கள் என்று இலக்கு வைத்திருக்கிறது. தமிழில் 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்பது ஒரே சொல், 'வா' என்பதும் ஒரே சொல். எந்தப் பத்தியைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அதே பிள்ளை வேகமாகவும் தெரியும், மெதுவாகவும் தெரியும். பிள்ளை திக்கித் திணறாமல் வாசிக்கிறதா என்று பார்க்க வேகம் உதவும். முறைகளை ஒப்பிட உதவாது.

## முதலில் தமிழ் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம்

247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. உண்மையில் பிள்ளை தனித்தனியாகக் கற்க வேண்டிய வடிவங்கள் இதைவிட மிகவும் குறைவு: உயிர் 12, அகர வரிசை உயிர்மெய் 18, புள்ளி, துணைக்கால் (ா), கொம்பு (ெ) போன்ற சில குறிகள். இவற்றைச் சேர்க்கத் தெரிந்தால் பெரும்பாலானவை வந்துவிடும். அடங்காமல் நிற்பவை உகர ஊகார வரிசைகள். கு, சு, டு, து, பு, னு என்று மெய்க்கு மெய் உருவம் மாறுவதால், இந்த 36 எழுத்துகளுக்குத் தனி நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். ஙகர வரிசையில் ங் தவிர மற்றவை பிள்ளைகள் வாசிக்கும் சொற்களில் ஏறக்குறைய வரவே வராது.

1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் பழைய தனி உருவங்களை நீக்கியது. அந்த அளவுக்குப் பிள்ளைகளின் சுமை குறைந்தது. மிச்சமிருக்கும் சிக்கல்களில் பெரியது கொம்பு. 'கொடி' என்ற சொல்லில் பிள்ளையின் கண் முதலில் பார்ப்பது கொம்பை. ஆனால் ககரத்தைத்தான் முதலில் ஒலிக்க வேண்டும். அடுத்து வரும் துணைக்காலைக் கொம்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்லித்தராத வகுப்பில் பிள்ளைகள் 'காடி' என்று வாசிப்பார்கள். கவனக்குறைவு என்று அதைத் திட்டக் கூடாது. இடமிருந்து வலம் வாசி என்று நாம் சொன்னதை அவர்கள் அப்படியே செய்திருக்கிறார்கள்.

தமிழைப் போலவே உயிர்மெய் அமைப்புள்ள கன்னடத்தில் சோனாலி நாக் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வுகள், எழுத்துகள் முழுவதும் கைவர ஒரு வருடம் போதாது, தொடக்கப் பள்ளி ஆண்டுகள் பலவற்றுக்கு அது நீள்கிறது என்று காட்டின. ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் 247ஐயும் 'முடித்துவிட' நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

## 1. நெடுங்கணக்கு வரிசை: அ முதல் ன வரை

எல்லோரும் அறிந்த வழி. உயிரெழுத்து, பிறகு மெய், பிறகு உயிர்மெய் வரிசைகள், அதற்குப் பிறகு சொற்கள். திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிக் கற்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்தி, மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து இங்கிலாந்துவரை கொண்டுபோனார். 'மதராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். மணலும் விரலும் போதும் என்பது இன்றைக்கும் இந்த வழியின் பலம். பெற்றோருக்கும் தெரிந்த முறை. சேர்ந்து சொல்வதில் பிள்ளைகளுக்கு ஒரு தாளக்கட்டும் கிடைக்கிறது.

கணக்கு வேறு பக்கத்தில் இடிக்கிறது. 12 உயிரெழுத்துகளையும் கற்று முடித்த பிள்ளை அவற்றை மட்டும் வைத்து எதை வாசிக்க முடியும்? ஆ, ஈ, ஐ, ஓ, இவ்வளவுதான். உயிரெழுத்து தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். நடுவிலும் இறுதியிலும் குறிகளாகத்தான் வரும். அடுத்து க வரிசையில் நுழைந்தால் இரண்டாவதாக ங, நான்காவதாக ஞ. இரண்டும் அரிதானவை. பல மாதம் உழைத்தும் ஒரு சொல் வாசிக்க முடியாத நிலை. எதற்காகப் படிக்கிறோம் என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிவதில்லை.

அடுத்த சிக்கல், குழம்பக்கூடியவை பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அ-ஆ, எ-ஏ, ஒ-ஓ மூன்றும் உருவத்திலும் ஒலியிலும் நெருங்கியவை. ல, ழ, ள ஏறக்குறைய அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று மனத்தில் பதியும் முன் அதன் இரட்டை வந்து கலைத்துவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு, மெய்யெழுத்தைச் சொல்லும் விதம். நம் வகுப்பறைகளில் 'இக், இங், இச்' என்று சொல்லித்தருகிறோம். ஓதுவதற்கு வசதியாக முன்னால் ஓர் இகரம் சேர்கிறது. பிறகு பிள்ளை 'படம்' என்பதைக் கூட்டும்போது "ப, ட, இம்... படஇம்" என்று நிற்கிறது. அந்த இகரத்தை யார் எடுப்பது? வீட்டில் அக்கா இருந்தால் எடுத்துவிடுவாள். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை சேர்க்கத் தெரியாமலே இரண்டாம் வகுப்புக்குப் போகிறது.

இந்த முறை பொருந்தும் இடங்களும் உண்டு. வேறொரு மொழியில் வாசிக்கத் தெரிந்து, தமிழ் எழுத்தை மட்டும் புதிதாகக் கற்கும் பெரிய பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் இதுதான் சீக்கிரம். எழுத்து ஒலியைக் குறிக்கும் என்ற அடிப்படை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அகராதி பார்க்க வரிசை வேண்டும். இரண்டாம் வகுப்பில், வாசிக்க ஆரம்பித்த பிறகு, உயிர்மெய் அட்டவணையைச் சுவரில் மாட்டி, கிடையாகவும் நெடுக்காகவும் ஓடும் ஒழுங்கைக் காட்டினால் பிள்ளைகளின் கண் விரியும். அது அருமையான கருவி, முதல் கருவியாக இருக்கத் தேவையில்லை.

## 2. எழுத்துக் குழு முறை: ட, ப, ம

சில எழுத்துகளை மட்டும் எடுத்து, அவற்றை வைத்து உடனே சொற்களை வாசிக்க வைப்பது. ட, ப, ம, ர நான்கும் புள்ளியும் தெரிந்தால் படம், மரம், பட்டம், மட்டம். துணைக்கால் சேர்த்தால் பாடம், மாமா, பாப்பா, மாமரம். மேல்விலங்கு (ி) சேர்த்தால் படி, மாடி, பாட்டி. ககரம் வந்தால் காகம், கரடி, பக்கம். சில வாரங்களில் பிள்ளையின் கையில் வாசிக்கக்கூடிய சொற்கள் இருக்கும். அதைவிட முக்கியம், சேர்ப்பது எப்படி என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த முறையின் உயிர் புள்ளியில் இருக்கிறது. மெய்யெழுத்தைக் கடைசிக்குத் தள்ளினால் தமிழில் வாசிக்க அதிகம் இல்லை. 'மரம்' கூட முடியாது. 'இம்' என்று சொல்லாமல் வாயை மூடி 'ம்ம்' என்று ஒலித்துக் காட்டுங்கள். ம, ர, ம் என்று மூன்று பிள்ளைகளை ஒவ்வோர் அட்டையோடு நிறுத்தி, ஒருவரை ஒருவர் நெருங்க நெருங்க வேகமாகச் சொல்ல வைத்தால் 'மரம்' தானாக விழும்.

ஓர் எச்சரிக்கை. இதைப் பலர் 'வடிவ ஒற்றுமை முறை' என்று மட்டும் புரிந்துகொண்டு, ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகளை ஒன்றாகக் கற்பிக்கிறார்கள். கைக்கு அது நல்லது: ட வரைந்த கை ப வரையும், ப வரைந்த கை ம வரையும். கண்ணுக்கு அது கெடுதல். துணைக்காலையும் ரகரத்தையும் ஒரே வாரத்தில் அறிமுகம் செய்தால் 'கால்' எது, 'கரல்' எது என்று பிள்ளை தடுமாறும். எழுதும் வரிசைக்கு உருவ ஒற்றுமையையும், வாசிக்கும் வரிசைக்கு அடிக்கடி வருவது, ஒன்றுக்கொன்று வேறுபடுவது என்ற இரண்டையும் கொள்வதுதான் என் பரிந்துரை. ஒரே எழுத்தைப் பொறுத்தவரை வாசிப்பு முன்னாலும் எழுத்து ஓரிரு வாரம் பின்னாலும் வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

வல்லின எழுத்துகளின் ஒலி மாற்றம் இன்னொரு கவனிப்பு. 'கடல்', 'மகன்', 'சங்கு' மூன்றிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை 'மகன்' என்பதை முதலில் அழுத்தி வாசித்தாலும், அடுத்த நொடி தனக்குத் தெரிந்த சொல் என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொல் காதில் விழுந்திருக்காது. அவர்களுக்கு இதை வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும்.

வெளிநாட்டு அனுபவமும் இந்தப் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவில் 2000இல் வெளியான தேசிய வாசிப்புக் குழு அறிக்கை எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை ஒழுங்காகக் கற்பிப்பதை ஆதரித்தது. இங்கிலாந்தில் வாசிப்பு கற்பித்தல் பற்றி 2006இல் வந்த ரோஸ் அறிக்கைக்குப் பிறகு பள்ளிகள் அந்த வழிக்குத் திரும்பின. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு படுமோசமானது. அங்கேயே இது பலிக்கிறது என்றால், எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கும் தமிழில் நாம் ஏன் தயங்க வேண்டும்?

இதற்கும் செலவு உண்டு. பாடநூல் வரிசையும் உங்கள் வரிசையும் ஒத்துப்போகாத வாரங்களில் வாசிப்பு அட்டைகளை நீங்களே எழுத வேண்டும். ஆகஸ்ட் மாதம் பெற்றோர் வந்து "இன்னும் அ, ஆ கூடத் தெரியலையே" என்பார்கள். பிள்ளையை அழைத்து அவர்கள் முன்னாலேயே ஒரு புதுச்சொல்லை வாசிக்க வைப்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பெரிய செலவு வேறு: கூட்டி வாசிப்பதிலேயே மூழ்கி, 'பாப்பா பாட்டி பாடம் படி' என்ற உயிரற்ற வரிகளோடு நின்றுவிட்டால், பிள்ளை வாசிக்கும், ஆனால் எதையும் எதிர்பார்த்து வாசிக்காது. இந்தக் குறையை நான்காவது முறைதான் ஈடு செய்கிறது.

## 3. முழுச்சொல் முறை: படமும் சொல்லும்

மரத்தின் படம், கீழே 'மரம்'. பார்த்துப் பார்த்துச் சொல்லின் உருவம் மனத்தில் பதிகிறது. முதல் நாளே 'நான் வாசிக்கிறேன்' என்ற பெருமிதம் பிள்ளைக்குக் கிடைக்கிறது. பெயர் அட்டையில் தன் பெயரைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இதை முதன்மை முறையாக வைக்கத் தமிழ் இடம்தருவதில்லை. மரம் என்ற ஒரு சொல் மரத்தில், மரத்தை, மரங்கள், மரத்தடியில், மரத்திலிருந்து என்று விரியும். அட்டையில் 'மரம்' படித்த பிள்ளைக்கு 'மரத்திலிருந்து' அந்நியம். எத்தனை அட்டை போடுவது? சொற்கள் பெருகும்போது படம், பாடம், பட்டம், பாட்டம் எல்லாம் ஒரே சாயலில் தெரிய, பிள்ளை முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ஊகிக்க ஆரம்பிக்கும். ஊகம் பழக்கமாகிவிட்டால் மாற்றுவது கடினம். மூன்றாம் வகுப்பில் 'பறவை' என்று எழுதியிருப்பதைப் படத்தைப் பார்த்துக் 'கிளி' என்று வாசிக்கும் பிள்ளைகளின் கதை பெரும்பாலும் இங்கே தொடங்குகிறது.

பொருந்தும் இடம்: பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம், பெயர் அட்டைகள், வகுப்பறைப் பொருட்களின் மேல் ஒட்டிய சொற்கள். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கும், வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் படமும் சொல்லும் ஆண்டு முழுக்க வேண்டும். அவர்கள் வாசிப்பை மட்டும் கற்கவில்லை, மொழியையே கற்கிறார்கள்.

## 4. கதை வழி

ஆசிரியர் கதை வாசிக்கிறார். பிள்ளைகள் கேட்கிறார்கள், பேசுகிறார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்கிறார்கள். பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, அதையே எல்லோரும் வாசிக்கிறார்கள். மொழிக்குள் மூழ்கினால் எழுத்தும் தானாக வந்துவிடும் என்பது இதன் நம்பிக்கை.

பொருள் என்ற அளவுகோலில் மற்ற மூன்றும் இதன் அருகில் வர முடியாது. அதிலும் தமிழுக்கு இது கூடுதலாகத் தேவை. பிள்ளை வீட்டில் பேசுவது 'மரத்துல ஏறுனாங்க'. புத்தகத்தில் இருப்பது 'மரத்தில் ஏறினார்கள்'. எழுத்து நடை அதன் காதுக்குப் புதிது. நல்ல கதைகளைக் காதால் நிறையக் கேட்ட பிள்ளைக்கு அந்த நடை பழகிவிடும். கேட்காத பிள்ளைக்கு ஒவ்வொரு வாக்கியமும் மேடுபள்ளம். 'வந்தார்கள்' என்று எழுதியிருப்பதை ஒரு பிள்ளை 'வந்தாங்க' என்று வாசித்தால் தவறு என்று நிறுத்தாதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சில் சொல்கிறது. அது புரிந்து வாசிப்பதற்கு அடையாளம். பாராட்டிவிட்டு, "புத்தகத்துல எப்படி எழுதியிருக்கு?" என்று கேட்டால் போதும்.

தனியாக இதை மட்டும் நம்பினால் வரும் ஆபத்தும் பெரிது. 1986இல் காஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், பேச்சைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டின் பெருக்கற்பலன்தான் வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கதை மட்டும் கேட்ட பிள்ளைக்கு முதலாவது வராமல் போகலாம். எழுத்து மட்டும் கற்ற பிள்ளைக்கு இரண்டாவது வளராமல் போகலாம். வீட்டில் புத்தகம் இருக்கும் பிள்ளைகள் கதையிலிருந்தே எழுத்தையும் எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கதையைப் பாடமாகச் சொல்லிக்கொண்டு, வருடம் முடிந்தும் வாசிக்காமல் இருப்பார்கள்.

புத்தகச் செலவு முன்புபோல இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சிறு புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறது. பள்ளி அலமாரியில் பூட்டி வைக்காமல் பிள்ளைகள் கையில் கொடுப்பதுதான் இனி வேலை. கிழிந்தால் கிழியட்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நெடுங்கணக்கு | எழுத்துக் குழு | முழுச்சொல் | கதை வழி |
|---|---|---|---|---|
| புதுச்சொல் வாசிப்பு | மிகத் தாமதம் | சில வாரங்களில் | பெரும்பாலும் ஊகம் | தனியாக நம்ப முடியாது |
| வீட்டு உதவி இல்லாவிட்டால் | பின்தங்கும் | தாங்கும் | பின்தங்கும் | பின்தங்கும் |
| புரிதல் | குறைவு | தனியாக விட்டால் குறைவு | சொல் அளவில் நன்று | மிக நன்று |
| எழுத்தும் பிழையும் | கையெழுத்து நன்று, சொல் எழுதத் தாமதம் | நன்று | பலவீனம் | சொந்தமாக எழுதும் ஆசை வரும், பிழை மிகும் |
| ஆசிரியர் உழைப்பு | குறைவு | தொடக்கத்தில் அதிகம் | அட்டை தயாரிப்பு | தினமும் தயாரிப்பு, புத்தகம் |
| மறைந்திருக்கும் செலவு | மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்புவது | உயிரற்ற வாசிப்பு | ஊகிக்கும் பழக்கம் | பின்தங்கியவர் கண்ணில் படாமல் போவது |

## எழுதுவது எப்போது, எப்படி?

இங்கே தேர்வு மூன்றுக்கு இடையில்: பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல், சொந்தமாக எழுதுதல். நம் பள்ளிகளில் முதலாவதுக்குத்தான் அதிக நேரம் போகிறது. ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுதும் பிள்ளை கடைசி வரிக்கு வரும்போது எழுத்தின் உருவமே மாறிப்போயிருக்கும். முந்தைய வரியில் தானே எழுதிய பிழையைப் பார்த்துத்தான் அது எழுதுகிறது. ஐந்து முறை எழுதி, அதில் அழகானது எது என்று பிள்ளையையே வட்டமிடச் சொல்லுங்கள். பக்கம் நிறைவதைவிட அதில் பலன் அதிகம்.

சொல்வதை எழுதுதலைப் பரீட்சைக்கு மட்டும் வைக்காமல், அன்று கற்ற எழுத்துகளில் ஐந்து சொற்கள் என்று தினமும் வைத்தால் வாசிப்பும் பலப்படும். ந, ண, ன குழப்பத்துக்கு இதிலேயே மருந்து இருக்கிறது. மெல்லினம் தன் இன வல்லினத்தோடு வரும் இணைகளை அப்படியே பழக்குங்கள்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. 'வண்டி' என்று எழுத வேண்டிய இடத்தில் டகரம் வருவதைப் பார்த்தாலே மூன்று சுழி தானாக வரும். 'தந்நகரம், டண்ணகரம், றன்னகரம்' என்று பழைய ஆசிரியர்கள் சொன்னதும் இதற்காகத்தான். ல, ள, ழ-வுக்கும் ர, ற-வுக்கும் இப்படி நேரான விதி இல்லை; வாசித்து வாசித்துத்தான் வரும்.

சொந்தமாக எழுதுவதை மூன்றாம் வகுப்புவரை தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படம் வரைந்து அதன் கீழே 'பூன மரதுல இருகு' என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினால், எவ்வளவு தெரிகிறது பாருங்கள்: துணைக்குறிகள் சரி, சொல் இடைவெளி சரி. பேச்சு வழக்கை எழுதியிருக்கிறது. ஐகாரம் பேச்சில் கேட்காததால் விட்டிருக்கிறது. இரட்டிக்கும் மெய்கள் இன்னும் காதில் விழவில்லை. நாளைய பாடம் 'த்து', 'க்கு' என்று அந்தத் தாளே சொல்கிறது. சிவப்பு மையில் மூன்று சொற்களையும் சுழித்தால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை எழுதாது.

## வகுப்பை எப்படிப் பிரிப்பது?

முறையைத் தேர்ந்த பிறகும் இந்தக் கேள்வி நிற்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் ஒவ்வொரு பிள்ளையும் கற்றல் ஏணியில் தன் படியில் தானே ஏறும், அட்டைகள் வழிகாட்டும். 2022இல் வந்த தமிழ்நாட்டு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழு பிரிக்கிறது. முழு வகுப்புக்கும் ஒரே பாடம் என்பது மூன்றாவது வழி.

ஏணி முறையில் பிள்ளைக்குச் சுதந்திரம் அதிகம். ஆனால் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையால் அட்டையோடு தனியாக எதுவும் செய்ய முடியாது, ஆசிரியரின் குரல் வேண்டும். ஒரே பாடம் நடுவில் இருப்பவருக்கு மட்டும் போய்ச் சேரும். வாசிப்பைப் பொறுத்தவரை நிலைக்குழுதான் எனக்குச் சரியாகப்படுகிறது, ஒரு நிபந்தனையோடு: மாதம் ஒருமுறை குழுக்கள் மாற வேண்டும். ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை பிப்ரவரியிலும் அங்கேயே இருந்தால், பிள்ளையின் மேல் பழி போடாமல் பாடத்தைத்தான் மாற்ற வேண்டும். கதை நேரத்தில் குழுவே வேண்டாம், எல்லோரும் ஒன்றாக உட்காரட்டும்.

## உங்கள் நிலைமைக்கு எது?

பெரிய வகுப்பு, வீட்டு உதவி குறைவு: எழுத்துக் குழு முறை முதுகெலும்பு. தினமும் 20 நிமிடம் அது, 15 நிமிடம் ஆசிரியர் கதை வாசிப்பது. நேரம் குறைந்தால் பார்த்து எழுதுதலைக் குறைக்கலாம், கதையைக் குறைக்க வேண்டாம்.

ஈராசிரியர் பள்ளி: ஒன்றும் இரண்டும் சேர்ந்தே உட்காரட்டும். கூட்டி வாசிக்கும் பயிற்சிக்கு நிலைக்குழு. வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை தினம் ஒரு கதையைச் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். அந்தப் பிள்ளையின் வாசிப்பும் கூடும்.

வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள்: எழுத்துக்கு முன் பேச்சு. படச்சொற்களும் பாட்டும் கதையும் முன்னால் போக, எழுத்துக் குழுவைப் பிள்ளைக்கு வாயில் வரும் சொற்களிலிருந்து மட்டும் எடுக்கவும்.

பாடநூல் நெடுங்கணக்கு வரிசையில் இருந்து, மாற்ற அனுமதி இல்லாத பள்ளி: வரிசையை அப்படியே நடத்துங்கள், கூடவே முதல் வாரத்திலிருந்து ம், ர, ப, ட, துணைக்கால் ஐந்தையும் கரும்பலகையின் ஓரத்தில் வைத்துத் தினம் மூன்று சொல் வாசிக்க வையுங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்.

பெற்றோர்: பள்ளி எந்த முறையில் நடத்தினாலும் வீட்டில் எதிர்முறையைத் தொடங்க வேண்டாம். இரவில் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள். உங்களுக்கு வாசிக்க வராது என்றால் கதை சொல்லுங்கள். புரிதல் என்ற பாதி அதிலேயே வளர்கிறது.

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்காத பிள்ளை: அ, ஆவிலிருந்து மறுபடி ஆரம்பிக்காதீர்கள். பாதிக்கு மேல் எழுத்து அதற்குத் தெரிந்திருக்கும். தெரியாதவை எவை, சேர்க்கத் தெரிகிறதா, கொம்பில் சறுக்குகிறதா, உகரத்தில் சறுக்குகிறதா என்று ஒரு பக்கச் சொற்களை வாசிக்க வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சறுக்கும் இடத்தை மட்டும் எடுத்துத் தினம் 15 நிமிடம் தனியாக உட்காருங்கள். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து மற்றவர்கள் முன்னால் உட்கார வைக்க வேண்டாம். அதன் வயதுக்கு ஏற்ற, குறைந்த வரிகள் உள்ள கதைப் புத்தகம் போதும். 'மெல்லக் கற்போர்' பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாயைத் திறக்கப் பயப்படும். வாயைத் திறந்து தப்பாக வாசித்தால்தான் எங்கே சறுக்குகிறது என்று நமக்குத் தெரியவரும்.